கண்மாய்ப் பொட்டலில் கற்ற சாரத்தியம்

திருமங்கலத்தில் மதுரைச் சாலையினின்று பிரிந்து, தே. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகத் தென்மேற்கே இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரையும் அதற்கு ஏழு மைல் அப்பாலுள்ள இராஜபாளையத்தையும் கடந்து, சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சென்று, செங்கோட்டைக்கு மேல் ஆரியங்காவுக் கணவாயில் அதைத் தாண்டிக் கொல்லத்துக் கடற்கரையை அடையும் பெருஞ்சாலையில் பிரயாணம் செய்தவர்கள், அதன் இரு மருங்கிலும் கரை உயர்ந்த கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் கவனித்திருப்பார்கள். மேற்கே மலையில் பிறக்கும் ஓடைகளின் நீரைக் கிழக்கே கரிசலுக்கு ஓடிவிடாமல் நிறுத்திவைப்பதற்காக முன்னோர் கட்டிய நீர்நிலைகள் அவை. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, தையில் குறைந்து, பங்குனிக்குள் பெரும்பாலும் வறண்டுபோகும் இக்கண்மாய்கள், வருஷத்தில் பாதி மாதங்கள் பொட்டலாகவே கிடந்தன என்பது விவசாயிக்குத் துக்கம். ஆயினும் அந்தப் பொட்டலிலேதான் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய இரண்டு ஊர்களிலும் எத்தனையோ பேர் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பதும், அந்தக் கல்விக்கென்று ஒரு சம்பிரதாயமே இங்கு வளர்ந்திருந்தது என்பதும், இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாமலே மறைந்துவரும் செய்திகள்.

அமெரிக்கா முதலிய தேசங்களில், கடைகள் அடைத்துக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், அவற்றின் முன்னே கார்களை நிறுத்துவதற்கென்று தளம் போட்டு விட்டிருக்கும் விசாலமான வெளிகளில், தகப்பனார் தம் பிள்ளைக்குக் கிளட்ச்சும் கியரும் பழக்கிக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். நம் பக்கத்தில் அத்தகைய தளங்கள் ஏது? காரே அபூர்வமாயிருந்த காலத்தில் காரை நிறுத்துவதற்கு என்று தனியே இடம் ஒதுக்குவார் யார்? ஆகவே கண்மாயும், பருத்தி வரத்து ஓய்ந்த மாதங்களில் வெறிச்சோடிக் கிடக்கும் ஜின்னிங் ஆலை முற்றமும், கூட்டம் நடக்காத நாட்களில் ஊர் மைதானமுமே அந்தப் பணியைச் செய்தன.

கனத்த சக்கரங்களை நெறிப்படுத்தும் வித்தை, மோட்டார் வருவதற்கு முன்பே இந்தப் பிரதேசத்துக்குப் பரிச்சயமானது. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் பெருந்தேர், நான்கு ரத வீதிகளையும் வலம்வந்து நிலையை அடைய வேண்டுமானால், வடம் பிடிக்கும் ஜனத்திரள் மட்டும் போதாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கைத்திறனும் வேண்டும். வேகம் வடத்தினால் வருவது. திசையும் நிதானமும் கட்டையினால் வருபவை. ஓடிக்கொண்டிருக்கும் தேரின் பக்கத்திலேயே நடந்து, சக்கரத்தின் முனகலைக் காதால் கேட்டு, இன்ன கணத்தில் இன்ன கோணத்தில் கட்டையைச் செருக வேண்டும் என்று அறிவது ஏட்டில் எழுதிவைக்கக்கூடிய விஷயமல்ல. மூத்தவர் செய்யக் கண்டு, அவர் கையோடு தன் கையை வைத்துப் பழகிய பிறகே இளையவனுக்கு அது சித்திக்கும். மோட்டார் சாரத்தியமும் இங்கே இதே முறையில்தான் கற்பிக்கப்பட்டது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. உடம்பால் அறியும் வித்தைகளை எப்படிக் கைமாற்றுவது என்பது இந்த ஊர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மோட்டாரைப் பொறுத்தவரை நமக்கு மதுரையே தலைநகரம். 1912ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் நடத்தத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், பிற்பாடு மதுரையைத் தம் ஸ்தானமாகக் கொண்டு வளர்த்த மோட்டார் ஸ்தாபனம், தென் ஜில்லாக்கள் முழுவதற்கும் வண்டிகளையும் உதிரிப் பாகங்களையும் வழங்கியதோடு, கால அட்டவணைப்படி வண்டி ஓட வேண்டும் என்ற ஒழுக்கத்தையும் வழங்கிற்று. கொங்கு நாட்டில் ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதை ஓட்டித் தொழில் தொடங்கினார். முதலாளியே சாரதியாகவும் இருந்த அந்த ஆரம்ப காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசி வரை ரயில் பாதை திறக்கப்பட்டு நம் இரண்டு ஊர்களுக்கும் ரயில் வந்தது, 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை நிறுவினார். பஞ்சும் நூலும் மாம்பழமும் மலைக்கு அப்பாலும் இப்பாலும் போய்வர லாரிகள் தேவைப்பட்டன; லாரிகளுக்கு டிரைவர்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த டிரைவர்கள் எங்கே கற்றார்கள்? பள்ளிக்கூடம் கிடையாது, பாடபுஸ்தகம் கிடையாது. பதினாலு பதினைந்து வயதுப் பையன் ஒருவனை, அவனுடைய தகப்பனார் ஒரு டிரைவரிடம் அழைத்துக்கொண்டுபோய், "அண்ணே, இவனை உங்க கூட வச்சுக்குங்க" என்று ஒப்படைப்பார். அன்று முதல் அவன் கிளீனர். வண்டியைக் கழுவுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஹேண்டில் போட்டுச் சுற்றி இஞ்சினை எழுப்புவது, மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, டிரைவருக்கு டீ வாங்கி வருவது என்று இரண்டு மூன்று வருஷங்கள் கழியும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்து, பஸ்களின் பின்புறம் கரி வாயு அடுப்புகளைப் பொருத்தி ஓட்டியபோது, விடியற்காலையில் எழுந்து அடுப்பை மூட்டி, காற்றுச் சுற்றியைச் சுழற்றி, வாயு பிறக்கும் வரை புகையில் நிற்பதும் அவன் பணியாயிற்று. இத்தனை காலமும் அவன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை; ஆனால் அவன் காதுகள் கற்றுக்கொண்டே இருந்தன. எந்த ஓசையில் டிரைவரின் கை கியருக்குப் போகிறது, எந்த மேட்டில் எத்தனை கஜ தூரத்துக்கு முன்பே அவர் கியரை இறக்குகிறார் என்பதெல்லாம் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்த நிலையிலேயே அவனுள் இறங்கிவிட்டன.

பழைய லாரிகளில் கியர் மாற்றுவது எத்தகைய காரியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய வண்டிகளில், வேறுபட்ட வேகத்தில் சுழலும் இரண்டு பல்சக்கரங்கள் கோத்துக்கொள்வதற்கு முன்பு அவற்றின் வேகத்தைச் சமப்படுத்துகிற சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு கியர்ப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது அது. நம் லாரிகளுக்கு அந்தப் பாக்கியம் வெகுகாலம் கழித்தே கிட்டியது. ஆகவே பெட்டிக்குள் செய்ய வேண்டிய சமரசத்தை டிரைவரின் காலே செய்ய வேண்டியிருந்தது. கிளட்ச்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, கியரை இறக்குவதானால் ஆக்ஸிலேட்டரை ஒருதரம் அழுத்தி இஞ்சினின் வேகத்தைத் தக்க அளவுக்கு உயர்த்தி, மறுபடியும் கிளட்ச்சை மிதித்து அடுத்த கியரில் சேர்ப்பது: இதற்கு எங்கள் பக்கத்தில் டபுள் கிளட்ச் என்று பெயர். அளவு சரியாக அமைந்தால் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஒரு வினாடி பிசகினால் பல்லோடு பல் உரசிக் கிளம்பும் கர்ணகடூரமான சப்தம் தெருவுக்கே கேட்கும். பஜாரில் உட்கார்ந்திருப்பவர்கள் வண்டியைப் பார்க்காமலே, அந்த ஓசையைக் கொண்டு, ஓட்டுகிறவன் தேர்ந்தவனா புதியவனா என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த வித்தையைக் காதால் மட்டும் கற்றுக்கொண்டிருந்த கிளீனருக்கு ஸ்டியரிங் கிடைக்கும் நாள், சரக்கு இறக்கிய வெற்று லாரி திரும்பிவரும் ஒரு மத்தியானமாகவோ, லோடு கிடைக்காமல் ஊரில் தங்கிவிட்ட ஒரு தினமாகவோ இருக்கும். டிரைவர் வண்டியைச் சாலையிலிருந்து இறக்கிக் கண்மாய்க்குள் விட்டு, தாம் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான், பிரசங்கம் எதுவும் இராது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால்தான் ஏற வேண்டும். கிளட்ச்சின் அதிர்வு உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். மரியாதையும் அதில் கலந்திருந்தது.

சட்டம் இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. 1914ஆம் வருஷத்து இந்திய மோட்டார் வாகனச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவன் பொது இடத்தில் மோட்டார் ஓட்டலாகாது என்று விதித்து, லைசென்ஸ் முறையையும் ஏற்படுத்திற்று. 1939ஆம் வருஷத்துச் சட்டம் அதை விரிவாக்கியது. கார்களின் தாயகங்களில் ஒன்றான பிரிட்டனிலேயே ஓட்டிக் காட்டித் தேறினால்தான் லைசென்ஸ் என்ற விதி 1935இல்தான் கட்டாயமாயிற்று என்பதை நினைத்தால், நம் தேசம் அப்படியொன்றும் பின்தங்கிவிடவில்லை என்று தோன்றும். பொதுஜனங்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் பொது இடமே. ஆடு மேய்ப்பவரும் வண்டல் அள்ளுபவரும் சுதந்திரமாகச் சென்றுவரும் கண்மாயும் அந்த வரையறைக்குள் அடங்கும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் ஒரு வக்கீல் வாதித்திருந்தால் அவர் ஜயித்திருக்கக்கூடும். ஆனால் யாரும் வாதிக்கவில்லை. கண்மாய்க்குள் ஓடும் வண்டி யாருக்கும் தீங்கு செய்யாது என்பது ஊரறிந்த நியாயமாயிருந்தது. மோட்டார் வாகன ஆய்வாளரை ஜனங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைத்தார்கள்; இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் முன்னிலையில் போய் நிற்கும்போது, பையன் ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவனாகவே போய் நின்றான்.

தேசம் விடுதலையடைந்த பிறகு காட்சி மாறுகிறது. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த லாண்ட்மாஸ்டரும், 1950களின் கடைசியில் அதன் வாரிசாக வந்த அம்பாஸடரும், பம்பாயில் உருவான பியட்டும், சென்னைக்கு அருகில் தயாராகி 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், மில் முதலாளிகள், பருத்தி வியாபாரிகள், வக்கீல்கள், டாக்டர்கள் வீட்டு வாசல்களில் நிற்கத் தொடங்கின. பஸ்ஸும் லாரியும் அல்லாத சொந்த உபயோகத்துக்கான கார்களை அக்காலத்தில் பிளஷர் கார் என்பார்கள். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தால்தான் கார் கிடைக்கும். அவ்வளவு தவமிருந்து வந்த காரை வீட்டுப் பிள்ளைகள் தொடுவதற்கு யாரும் சம்மதிப்பதில்லை. அதைத் தொடும் அதிகாரம் டிரைவர் ஒருவருக்கே உண்டு. முதலாளியே பின்னால்தான் உட்காருவார்.

இந்த ஏற்பாட்டிலிருந்து ஓர் அதிசயமான உறவு பிறந்தது. இந்தச் சரித்திரத்திலே என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. வீட்டுப் பிள்ளை காலேஜில் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்ததும் கார் ஓட்டக் கற்க ஆசைப்படுகிறான். கற்றுக்கொடுக்க டிரைவரை விட்டால் ஆளில்லை, தகப்பனாருக்கே தெரியாது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் மனிதர், தம் எஜமானனின் புத்திரனுக்கு ஆசாரியராகிறார். வீட்டு வாசலில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றவர், கண்மாய்க் கரையைத் தாண்டி இறங்கியதும் கட்டளையிடுகிறவராகி விடுவார். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஊரின் மேல் கீழ் வரிசைகள் தலைகீழாக மாறிவிட்டன. அதை இரு தரப்பாரும் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இடங்களில் இலகுவில் விட்டுக்கொடுக்கப்படாத வரிசைகள் அவை என்பதை அறிந்தவர்களுக்கே இதன் அருமை விளங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தாய்மாமன் வீட்டு அம்பாஸடரில், அவருடைய மூத்த குமாரர் பெரியகுளம் கண்மாயில் இவ்வாறு பாடம் கேட்டதை, பின் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு பல நாட்கள் கவனித்திருக்கிறேன். டிரைவர் வயதானவர், யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்து, அங்கே லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். கண்மாய்க்குள் எந்த இடம் வண்டியைத் தாங்கும், எந்த இடம் தாங்காது என்பதில் அவர் மிகுந்த ஜாக்கிரதை காட்டினார். மடைப்பக்கமும் கரையடியும் ஆகாது. மேலே வெடித்துக் காய்ந்திருந்தாலும் அங்கே அடிவண்டல் இளகியிருக்கும், சக்கரம் புதைந்துவிடும். தண்ணீர் முதலில் வடிந்து ஆடு மாடுகள் மிதித்துக் கெட்டித்துப்போன உள்வாய்ப் பரப்பே உத்தமமான இடம். அங்கே வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைக்காமலே இறங்கி, இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது, வண்டியை நகர்த்துவதற்கல்ல, நகர்த்தாமல் இருப்பதற்கு.

"தம்பி, முதல் கியரைப் போட்டுக்குங்க. கிளட்ச்சை மெதுவா விடுங்க. எங்கே வண்டி மூச்சு மாறுதோ அங்கே காலை நிறுத்திடுங்க. நகரக் கூடாது."

இதன் தாத்பரியம் பின்னாளில்தான் எனக்கு விளங்கிற்று. இஞ்சின் நிமிஷத்துக்கு எழுநூறு எண்ணூறு தடவை சுழன்றுகொண்டிருக்கிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுழல்வதையும் நிற்பதையும் திடீரென்று பிணைத்தால் ஒன்று வண்டி துள்ளிப் பாயும், அல்லது இஞ்சின் அடங்கி நின்றுபோகும். இரண்டுக்கும் நடுவே, சுழலும் தகட்டோடு கிளட்ச் பிளேட் முழுதும் ஒட்டாமலும் முழுதும் விலகாமலும் உரசிக்கொண்டிருக்கும் ஒரு சிறு இடைவெளி உண்டு. பெடலின் முழுப் பயணத்தில் அது ஓரங்குலத்துக்கும் குறைவு. ஒவ்வொரு வண்டியிலும் அது ஒவ்வொரு இடத்தில் இருக்கும். பிளேட் தேயத் தேய, அதே வண்டியிலும் இடம் மாறும். அதற்கு எங்கள் ஊரில் ஹாஃப் கிளட்ச் என்று பெயர். அந்த இடத்தை அடையும்போது இஞ்சினின் குரல் ஒரு சுருதி இறங்குகிறது. பானெட் இம்மி அளவு மேலெழும்பி நிற்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் ஒரு நடுக்கம் ஓடுகிறது. டிரைவர் "மூச்சு மாறுது" என்றது இதையே. அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் அறிந்துகொள்ளவும் முடியாது. தன் காலாலேயே தேடிக் கண்டெடுக்க வேண்டும். தேடுவதற்கு அவகாசம் வேண்டும். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பவர் இருக்கக் கூடாது. நின்று வேடிக்கை பார்த்துச் சிரிப்பவர் இருக்கக் கூடாது. கண்மாய் கொடுத்தது அந்த அவகாசத்தையே.

முதல் சில நாட்கள் வண்டி நகர்வதும் நிற்பதுமாகவே கழியும். அதன் பிறகு நேராக ஓட்டப் பழக வேண்டும். கற்றுக்குட்டிகள் யாவரும் பானெட்டின் நுனியையே பார்ப்பார்கள். அதனால் வண்டி பாம்பு நெளிவதுபோல் போகும். டிரைவர் அதற்கு வைத்திருந்த பரிகாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே உரியது. "கீழே பார்க்காதீங்க. கோபுரத்தைப் பாருங்க" என்பார். பதினொரு நிலைகளோடு நூற்றுத்தொண்ணூறு அடிக்கு மேல் ஓங்கி நிற்கும் வடபத்ரசாயி கோயில் இராஜகோபுரம், வெகு தூரத்துக்குத் தெரிவது. பார்வை அங்கே ஊன்றியதும் கைகள் தாமே அடங்கி, வண்டி கோடு கிழித்தாற்போல் செல்லும். தூரப் பார்வையே வண்டியை நேராக வைக்கும் என்பது உலகத்தில் எந்த ஓட்டுநர் பயிற்சியிலும் சொல்லப்படும் பாடம்தான்; ஆனால் ஊன்றிப் பார்ப்பதற்கு அத்தகைய ஒரு கோபுரம் எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை. இராஜபாளையத்தில் அந்த ஸ்தானத்தை மேற்கு மலையின் முகடுகள் வகித்தன என்று அவ்வூர் நண்பர்கள் சொல்வார்கள்.

அம்பாஸடரிலும் பழைய பியட்டிலும் கியர் தண்டு தரையில் இராது. ஸ்டியரிங்குக்குக் கீழே, கைக்கு எட்டும்படி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கை கியர் என்பார்கள். இரண்டு, மூன்று, நாலாவது கியர்களுக்குச் சிங்க்ரோமெஷ் இருந்தது, முதலாவதற்கு இல்லை. ஆகவே ஓடும் வண்டியை முதல் கியருக்கு இறக்க வேண்டுமானால் லாரிக்காரரின் பழைய டபுள் கிளட்ச் வித்தையே மறுபடியும் உதவிக்கு வர வேண்டும். பட்டாளத்து டிரைவர்கள் அதைப் பிள்ளைகளுக்குப் பிடிவாதமாகக் கற்பித்தார்கள். அவசியமோ அல்லவோ, அது தெரியாதவனை டிரைவர் என்று ஒப்புக்கொள்ள அவர்கள் மனம் இடங்கொடுக்கவில்லை.

அடுத்தது கரை ஏற்றம். கண்மாயிலிருந்து வெளியேறும் வண்டிப் பாதை கரையின் மீது சரிவாக ஏறிச் செல்லும். அந்தச் சரிவின் பாதியில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கைப் பிடித்து, ஹாஃப் கிளட்ச்சுக்குக் கொண்டுவந்து, இஞ்சின் வண்டியைத் தாங்கிக்கொண்டது என்று தெரிந்த பிறகே பிரேக்கை விட்டு, ஒரு விரற்கடை கூடப் பின்னால் உருளாமல் மேலே ஏற வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னே ஒரு கல்லை வைத்துவிட்டு, வண்டி ஏறிய பிறகு அந்தக் கல் புரண்டிருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் டிரைவர்களும் உண்டு. கல் புரளாத தினமே அந்தச் சீடன் சாலைக்கு லாயக்கானவன். அப்போதும் முதலில் கிடைப்பது மம்சாபுரம் பாதை, செண்பகத்தோப்புப் பாதை போன்ற ஆள் நடமாட்டம் குறைந்த வழிகளே. தேரடியும் பஸ் ஸ்டாண்டும் வெகு நாட்களுக்குப் பிறகு.

இராஜபாளையத்தில் நிலைமை சற்று வேறு. பருத்திக் காலமான மாசி முதல் சித்திரை வரை ஜின்னிங் ஆலைகளின் முற்றங்களில் வண்டிகளும் பொதிகளும் நெரிசலிடும். அதற்கு அப்புறம் அவை காலி. சுற்றுச்சுவருக்குள் அமைந்த தனியார் இடமாதலால் அங்கே சட்டத்தின் தடையும் இல்லை. பொதிகள் அடுக்கும் மேடைகளுக்கு நடுவே காரைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தப் பழகியவர்கள், ரிவர்ஸ் எடுப்பதில் ஸ்ரீவில்லிபுத்தூரார்களைவிட வல்லவர்கள் என்று பெயரெடுத்தார்கள். பகலெல்லாம் வெறுமையாகக் கிடந்து அந்தியில் அரசியல் கூட்டங்களுக்கு நிரம்பும் ஜவஹர் மைதானமும் சிலருக்குப் பயன்பட்டிருக்கிறது.

வெளியூர்களில் எப்படியோ, எங்கள் பக்கத்தில் ஒருவன் டிரைவராகிவிட்டான் என்பதற்கு லைசென்ஸ் மட்டும் சாட்சியல்ல. செங்கோட்டைக்கு மேல் கணவாயைத் தாண்டிப் புனலூர் வரை ஒரு தரம் போய்வந்திருக்க வேண்டும். 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவாங்கூரையும் பின்பு திருவாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தபடியால், அந்தப் பிரயாணம் சீமையைக் கடக்கும் பிரயாணமாகவும் இருந்தது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவன் வீடு திரும்பமாட்டான் என்ற எச்சரிக்கையைக் கேளாமல் யாரும் அந்த மலையில் வண்டி ஓட்டியதில்லை. பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். கியரில் இருக்கும் இஞ்சினோ தன் எதிர்ப்பினாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கிளட்ச் பாடத்தின் பூரணமான பயன் அங்கேதான் கைக்கு வரும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்ததும் எல்லாம் துரிதமாயிற்று. எடை குறைந்த வண்டி, இலேசான கிளட்ச், எல்லா முன் கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ், தரையிலே கியர். அதற்கு முன்பு டிரைவர் வைத்தே கார் வாங்கியவர்கள், தாமே ஓட்டுவதற்கென்று வாங்கினார்கள். 1988ஆம் வருஷத்துச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1989இல் வந்த மத்திய விதிகளும் டிரைவிங் ஸ்கூல்களை ஒழுங்குபடுத்தி, கார் பயிற்சிக்கு இருபத்தொரு நாட்கள், அதில் பத்து மணி நேரமாவது வண்டி ஓட்டுதல் என்று வரம்பு கட்டின. பயிற்றுநரின் காலடியிலும் பிரேக்கும் கிளட்ச்சும் இருக்க வேண்டும் என்றன. சிவப்பு எழுத்தில் எல் போர்டு தாங்கிய வண்டிகள் காலை வேளையில் இராஜபாளையம் தென்காசி ரோட்டில் வரிசையாகப் போகத் தொடங்கின.

இந்த மாறுதலால் விளைந்த பெரிய நன்மை ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்மாய்ச் சம்பிரதாயம் முழுக்க முழுக்க ஆண்களுடையது. கிளீனராகப் பெண் போக முடியாது. வீட்டு டிரைவரோடு தனியே பொட்டலுக்குப் போய்வரவும் அக்காலத்து வழக்கம் அனுமதிக்கவில்லை. கட்டணம் செலுத்தி ரசீது வாங்கிக் கற்கும் பள்ளி வந்த பிறகே ஆசிரியைகள், நர்ஸுகள், மில் அலுவலகங்களில் வேலை செய்யும் பெண்கள் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார்கள். கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993இல் தமிழ்நாட்டு அரசு பஸ்ஸின் டிரைவராக நியமனம் பெற்றது எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் பெரிய உற்சாகம் தந்த செய்தி. பழைய முறையை எவ்வளவு நேசித்தாலும், பாதி ஜனங்களுக்குக் கதவை அடைத்துவைத்த முறை அது என்பதை மறைத்து எழுத எனக்கு மனம் வராது.

ஆனால் இரட்டைப் பெடல் வண்டியில் ஒரு குறையும் உண்டு. சீடனின் கால் தவறும் கணத்திலே ஆசிரியரின் கால் திருத்திவிடுகிறது. வண்டி நிற்காமல் ஓடுகிறது. ஓடச் செய்தது யாருடைய கால் என்பது கற்பவருக்கே தெரிவதில்லை. கடைத்தெரு நெரிசலில் கற்றுக்கொடுப்பவருக்கு வேறு மார்க்கமும் இல்லை. நின்று நின்று கற்பதற்கு ஏற்ற இடம் கையை விட்டுப் போனதன் விளைவு இது. கண்மாய்களின் உள்வாய்களில் சீமைக் கருவேலம் அடர்ந்துவிட்டது. ஊரை ஒட்டிய பொட்டல்கள் மனைகளாகிவிட்டன. ஜின்னிங் முற்றங்களில் பலவும் வேறு உபயோகங்களுக்கு மாறிவிட்டன.

கிளட்ச்சே இப்போது விடைபெற்றுக்கொள்ளும் தறுவாயில் இருக்கிறது. 2014இல் மாருதி செலேரியோ மூலம் சல்லிசான விலையில் தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார் வந்தது. மின்சாரக் கார்களில் இடது காலுக்கு வேலையே இல்லை. பிரிட்டனில் அத்தகைய வண்டியில் ஓட்டிக் காட்டித் தேறியவர் கியர் வண்டியை ஓட்ட லைசென்ஸ் இடங்கொடாது. நம் தேசத்திலோ, இரு சக்கர வாகனங்களுக்கு அந்தப் பாகுபாடு உண்டே தவிர, கார்களுக்குக் கிடையாது. ஆதலால் கிளட்ச்சைத் தொட்டே அறியாத ஒருவர் நாளைக்கு ஆரியங்காவு மலையில் கியர் வண்டியை எடுத்துச் செல்வதைச் சட்டம் தடுக்காது. இதைத் திருத்த வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

2021 ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய மத்திய விதிகள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. முன்னிலையில் மறுபடியும் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கு அளிக்கின்றன. அத்தகைய நிலையத்துக்கு அவ்விதிகள் கேட்பவற்றில் பாவனை இயந்திரமும் ஓடுதளமும் உண்டு. சமவெளியானால் குறைந்தது இரண்டு ஏக்கர் நிலமும் உண்டு. கற்பவனுக்கு வெற்று நிலம் வேண்டும் என்பதைச் சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது. அந்த இரண்டு ஏக்கரில் கண்மாய்க் கரையைப் போன்ற ஒரு மண் ஏற்றத்தையும் அமைத்து, கிளட்ச் உள்ள ஒரு பழைய வண்டியையும் வைத்து, லாரித் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கும் முதிய டிரைவர்களை அழைத்துவந்து ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் உட்காரவைக்கும் நிலையம் எதுவோ, அதற்கு என் பேரப்பிள்ளைகளை நான் அனுப்புவேன்.